கேட்கிற விலையும் கிடைக்கிற வண்டியும்

(பழைய டீசல் கார் வாங்குவது பற்றிப் புதுக்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பார்த்த வரையில், நம் மாவட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு முதன்முதலாக வந்து சேர்கிற கார் புதுக் காராக இருப்பதில்லை. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைத்துச் சேர்த்தது, சீட்டு எடுத்தது, நகையை வைத்தது என்று பல வழியில் வந்த மூன்று, நான்கு லட்சம் ரூபாய் கையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு பழைய கார் கன்சல்டிங் வாசலில் போய் நிற்கிறோம். "சிங்கிள் ஓனர், டீசல், கம்பெனி சர்வீஸ்" என்று மூன்று வார்த்தை காதில் விழுகிறது. அரைமணி நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். வருஷக்கணக்கில் சேர்த்த பணம் அரைமணி நேரத்தில் கைமாறுகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இந்த உரைக்குச் சம்மதித்தேன்.

"இந்த வண்டிக்கு இந்த விலை கொடுக்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் மாடலையும் வருஷத்தையும் பிறகுதான் கேட்பேன். முதல் கேள்வி, "மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்பதுதான். ஒரே டிசையர், ஒரே வருஷம், ஒரே விலை. ஆலங்குடியிலிருந்து தினமும் திருச்சிக்குப் போய்வருகிறவருக்கு அது லாபம். கல்யாணத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவருக்கு அதே வண்டி நஷ்டம். டீசல் காரின் விலையில் பாதி, வாங்குகிறவரின் ஓட்டத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த வண்டி இதுவரை எப்படி ஓடியது என்பதில் இருக்கிறது. கேட்கிற விலை இந்த இரண்டையும் சொல்லாது.

டீசல் கார் நம் தெருக்களுக்குள் இவ்வளவு வந்ததற்கு வரலாறு உண்டு. 1998 டிசம்பரில் டாடா இண்டிகா வந்தது. 2007 தொடக்கத்தில் மாருதி ஸ்விஃப்டில் டீசல் வந்தது, அடுத்த ஆண்டு டிசையர். இந்த இரண்டு மாருதி வண்டிகளிலும் இருந்தது ஃபியட் உருவாக்கிய 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். ரிட்ஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, டாடா விஸ்டா, மான்சா என்று பல வண்டிகளுக்கும் அதுவே போனதால் இந்தியாவின் தேசிய இன்ஜின் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. மக்கள் அதன் பின்னால் ஓடியதற்குக் காரணம் விலை வித்தியாசம். பெட்ரோலுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் எடுத்தார்கள். டீசலுக்கு 2014 அக்டோபர் வரை எடுக்கவில்லை. 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம் இருக்கும்போது எவரும் யோசிக்க வேண்டியதே இல்லை.

இன்று நம் ஊர் பங்கில் இரண்டுக்கும் எட்டு, ஒன்பது ரூபாய்தான் இடைவெளி. ஆனால் மனதில் பதிந்திருப்பது அந்தப் பழைய கணக்கு. புதுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டரும் அதே அளவு பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டரும் கொடுத்தால், கிலோமீட்டருக்கு டீசலில் 5 ரூபாய் 17 காசு, பெட்ரோலில் 6 ரூபாய் 80 காசு. மிச்சம் 1 ரூபாய் 63 காசு. வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஏறக்குறைய 49,000 ரூபாய் மிஞ்சும். 12,000 ஓடினால் 19,500. வெறும் 4,000 ஓடினால் 6,500 ரூபாய். இந்த 6,500 ரூபாய்க்காகப் பெட்ரோல் வண்டியைவிட ஒரு லட்சம் கூடக் கொடுத்து டீசல் வாங்குகிறவரின் பணம், வண்டியின் ஆயுளுக்குள் திரும்பி வராது. நடுவில் இன்ஜெக்டர் ஒன்று போனால் சில வருஷத்து மிச்சம் ஒரே பில்லில் கரைந்துவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. இனிப் புதிதாக வராது என்பதால், நன்றாக வைத்திருந்த டீசல் டிசையருக்கும் எர்டிகாவுக்கும் கேட்பவர்கள் குறையவில்லை. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பது நாடெங்கும் வந்துவிட்ட பிறகு, பழைய பெட்ரோல் வண்டி தாங்குமா என்ற பயத்தில் டீசல் பக்கம் வருகிறவர்களும் உண்டு. ஆகவே டீசலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டம் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். "வெயில்ல நிக்குது மாமா, அதான் சூடு" என்பார்கள். வெயில் பானெட் தகட்டைச் சுடவைக்கும். காலை வெயில் உள்ளே இருக்கும் ஹோஸுக்குள் சூட்டைக் கொண்டுபோகாது. அப்படிப்பட்ட வண்டியை அன்று பார்க்காதீர்கள். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். அழுத்தம் குறைந்த இன்ஜின் சூடாக இருக்கும்போது சமாளித்துவிடும், ஆறிக்கிடக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். குளிர்நாடுகளில் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் குளோ பிளக் மேல் பழி போடலாம். நம் புதுக்கோட்டையில் மார்கழிக் காலையில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் குளிர். இங்கே செல்ஃப் நாலைந்து விநாடி சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பேட்டரி நன்றாக இருக்கும் பட்சத்தில், கோளாறு அழுத்தத்தில் இருக்கலாம், இன்ஜெக்டரில் டீசல் திரும்பி ஒழுகுவதாக இருக்கலாம். இரண்டும் பெரிய செலவு.

ஸ்டார்ட் ஆனதும் வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்துங்கள். முதல் சில விநாடி மெலிதாகப் புகை வந்து மறைந்தால் கவலை இல்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஒன்று டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது கூலன்ட் உள்ளே இறங்குகிறது. நீலம் கலந்து வந்தால் ஆயில் எரிகிறது, டர்போவோ ரிங்கோ தேய்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கருப்பாகக் கொட்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அது அடைத்த ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், கரி படிந்த இ.ஜி.ஆர். வால்வு என்று சிறு செலவில் முடியவும் கூடும். கருப்புப் புகையைக் கண்டு பயந்து ஓடுகிறவர்கள் நீலப் புகையைக் கண்டு பேசாமல் இருப்பதைப் பார்க்கிறேன். பயப்பட வேண்டியது நீலத்துக்கு.

பிறகு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, வாய்மேல் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். லேசாகக் காற்று படுவது இயல்பு. இட்லிப் பானையைத் திறந்தாற்போல் புகையும் ஆவியும் முகத்தில் அடித்தால், எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த இன்ஜின் பிரிக்கப்பட வேண்டியது. ஆயில் கருப்பாக இருக்கிறதே என்று குறை சொல்லாதீர்கள், டீசலில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். ஆயில் கேஜைத் தொட்டுப் பார்க்கும்போது மோர் போல் வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது.

கூலன்ட் டப்பாவையும் எட்டிப் பாருங்கள். பச்சையோ சிவப்போ நிறம் இருக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துருநிறத்தில் கலங்கிக் கிடக்கும். அந்த உப்பு ரேடியேட்டருக்குள் ஏடு ஏடாகப் படிந்திருக்கும். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுவதும் இங்கே வழக்கம். இதைக் கண்டுபிடிக்க ஓட்டித்தான் பார்க்க வேண்டும். தெருவைச் சுற்றி வந்தால் போதாது. திருமயம் வரை இருபது கிலோமீட்டர் போங்கள். அங்கே நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டபடி பத்து நிமிஷம் ஓடவிட்டு, வெப்பமுள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரும்பும் வழியில் நான்காவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தீர்ந்துவிட்டது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வகை வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு. லீவுக்கு வந்தா மட்டும்தான் எடுப்பாரு. எட்டு வருஷத்துல முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு." பொன்னமராவதி பக்கமும் அறந்தாங்கி பக்கமும் இப்படி எத்தனையோ வீட்டு முற்றங்களில் உறை போட்டு நிற்கின்றன. சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் குறைவான ரீடிங்குக்கு என்று கூடுதலாகக் கேட்கும் ஐம்பதாயிரத்தை யோசித்துக் கொடுங்கள். நிற்கிற டீசல் வண்டியும் தேயும். டேங்கில் ஈரம் இறங்கித் தண்ணீர் சேரும். இன்ஜெக்டருக்குள் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. நம் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம். அத்தனை அழுத்தத்தில், மயிரிழைத் துளைகள் வழியே போகிற டீசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் இன்ஜெக்டரின் முனையை அரித்துவிடும். எலி வயரைக் கடித்திருக்கும். பிரேக் டிஸ்க் துருப்பிடித்திருக்கும்.

டயரை உட்கார்ந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். 2317 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிது போல இருந்தாலும் அத்தனை வருஷமான ரப்பர் வெடிக்கும். நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். இதே எண்ணை வைத்து மீட்டரையும் சோதிக்கலாம். 2018 வண்டி, ஓடியது 35,000 என்கிறார்கள், டயரோ 2023இல் செய்தது என்றால், முதல் செட் டயர் எங்கே போனது என்று கேட்டே ஆக வேண்டும். பெடல் ரப்பர், ஸ்டியரிங் மேல் உறை, டிரைவர் சீட்டின் ஓரம் ஆகியவையும் ரீடிங்கோடு ஒத்துப்போக வேண்டும். கம்பெனி சர்வீஸ் என்று சொன்னால், அந்த சர்வீஸ் சென்டருக்கு உரிமையாளரையே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய பதிவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ரீடிங்கைக் குறித்திருப்பார்கள். வாடகைக்கு ஓடி மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய இன்னோவாவும் டிசையரும் அங்கே தெரிந்துவிடும்.

வண்டி எந்த ஊரில் நின்றது என்பதற்கும் விலை உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் கடற்கரையில் நின்ற வண்டியைக் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உப்புக்காற்று சைலன்சரையும் அடித்தகட்டையும் தின்றிருக்கும். கிரஷர் பக்கத்தில் ஓடிய வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் தூசி இருந்தால் அந்தத் தூசியை டர்போவும் சாப்பிட்டிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் விழுந்து கிடந்ததை நாம் மறக்க முடியாது. அதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் இருந்த வண்டி என்றால் கூரையையும் பில்லரையும் தட்டிப் பாருங்கள். பட்டி பூசிய இடம் மந்தமாக ஒலிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். அங்கே நனைந்த வண்டிகள் அங்கேயே விலைபோகாமல் வெளியூர்களுக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே அது நகரும் இரும்புத் தடம் துருப்பிடித்திருக்கக் கூடாது. மற்ற எதில் குறை இருந்தாலும் விலையைக் குறைத்துப் பேசலாம். நனைந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம்.

டெல்லி வண்டிகளும் வருகின்றன. பத்து வருஷத்தைத் தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லாததால், அங்கே விலைபோகாதது இங்கே வந்தது. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, டி.என். 55 எண்ணுக்கு மாற்றும் செலவு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்ததில் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

பி.எஸ். 6 டீசல் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர, வண்டி நெடுஞ்சாலையில் நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கீழ ராஜ வீதிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். கரியை எரிக்கப் பாய்ச்சிய டீசல், வேலை பாதியில் நின்றால் ஆயிலில் இறங்கும். கேஜில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டைமிங் பெல்ட்டையும் கேளுங்கள். மல்டிஜெட்டில் இருப்பது செயின். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜின், டஸ்டர், ஃபோர்டின் 1.5 டீசல் ஆகியவற்றில் இருப்பது பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

இனி விலைக்கு வருவோம். ஒரு 2014 டிசையர் டீசல், நாலேகால் லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வருஷம், அதே மாடல், குறையில்லாத வண்டி நம் பக்கத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று நாலு இடத்தில் விசாரித்ததில் அதுவும் நாலேகால்தான். அப்படியானால் கேட்பது குறையில்லாத வண்டியின் விலை. நீங்கள் பார்த்த வண்டிக்கு நான்கு டயர் 20,000, கிளட்ச் 15,000, முன்பக்க சஸ்பென்ஷன் 14,000, பேட்டரி 6,000, இன்சூரன்ஸ் 10,000 என்று மெக்கானிக் எழுதிக் கொடுக்கிறார். மொத்தம் 65,000. உங்கள் விலை மூன்று லட்சத்து அறுபதாயிரம். இதை வாயால் பேசாமல் தாளில் எழுதி விற்கிறவரிடம் காட்டுங்கள். அவரை மட்டந்தட்ட வேண்டியதில்லை. நியாயமாக விற்கிறவர் அந்தத் தாளைப் படிப்பார், பத்து இருபது முன்பின் பேசி முடியும். தாளைத் தொடாமலே "வேற பார்ட்டி வெயிட்டிங்" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, அந்த வண்டியின் ஆர்.சி. 2029 வரைக்கும்தான். பதினைந்து வருஷம் முடிந்ததும் தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி எல்லாம் சேர்ந்துவரும். எத்தனை வருஷம் மிச்சம் என்பதும் விலைக்குள் அடக்கம்.

மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள், அவர் கூலியை நீங்களே கொடுங்கள். விற்கிறவரிடமோ தரகரிடமோ கமிஷன் வாங்குகிறவர் வண்டியில் குறை சொல்ல மாட்டார்.

கடைசியாக, பேப்பர். நல்ல வண்டி கிடைத்து, நல்ல விலையும் படிந்த பிறகு பலர் வழுக்குவது இங்கேதான். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பதிவு இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, அபராதம் பாக்கியா என்று பாருங்கள். டியூ முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் பதிவு நீங்காமல் இருக்கும். அதை நீக்க பேங்க் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழையவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

படிவம் 29, 30இல் தேதியும் பெயரும் போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக் கை மாற்றிக்கொண்டே போகும் ஓப்பன் ஃபார்ம் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இது விற்கிறவருக்கும் சேர்த்துச் சொல்வது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பல கை மாறிப்போன வண்டி விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வண்டியை விற்று மூன்று வருஷம் கழித்து, முகம் தெரியாத ஒருவர் செய்த விபத்துக்கு உங்கள் வீட்டுக்கு சம்மன் வரலாம். ஆகவே பணத்தைப் பேங்க் வழியாகக் கொடுங்கள். பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும் வரை பத்தாயிரமாவது பாக்கி வையுங்கள், அதையும் ஒப்பந்தத் தாளில் எழுதிவிடுங்கள். விற்கிறவர் அண்ணன் சிங்கப்பூரில் இருந்தால், அவர் லீவில் வந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் வரை வண்டியை எடுக்க வேண்டாம். இரண்டு மாதம் காத்திருப்பதில் விலை ஒன்றும் ஏறிவிடாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.